புகையிரத நிலையத்தில் பிறந்த கழகம்

இரு கைகளிலும் மரக்கறிப் பைகளைச் சுமந்தவாறு லாச்சப்பலில் ரூ பெர்தொனே வழியாக நடந்து செல்லும் எம்மவருள், அவ்வீதிக்கு அப்பெயர் எவ்வாறு வந்ததென்று எண்ணிப் பார்த்தோர் மிகச் சிலராகவே இருப்பர். ஒகுஸ்த் பெர்தொனே 1801 இல் பிறந்து 1867 இல் மறைந்த ஒரு புகையிரதப் பொறியியலாளர். வீதியின் ஒருபுறம் கார் து நோர் நிலையத்தின் தண்டவாளங்களும் மறுபுறம் கார் து லெஸ்ற் நிலையத்தின் தண்டவாளங்களும் நீண்டு கிடப்பதால் பெயர் பொருத்தமானதே. பாரிஸ் நகரின் புகழ்பெற்ற மெய்வல்லுநர் கழகம் ஒன்றும் ஒரு புகையிரத நிலையத்திலேயே பிறந்தது. அந்த வரலாறு எமது பெற்றோரும் பிள்ளைகளும் அறிய வேண்டியதொன்று.

அந்த நிலையம் சென் லசார். ஆண்டு 1882. அருகிலிருந்த கொந்தோர்சே கல்லூரியின் மாணவர் சிலர், பயணிகள் வண்டிக்காகக் காத்து நிற்கும் பெரிய மண்டபத்தில் ஒருவரை ஒருவர் முந்தி ஓடத் தொடங்கினர். அவர்களுக்கு மைதானம் இல்லை; பயிற்றுநர் இல்லை; விதிமுறைகளும் இல்லை. அறிந்திருந்ததெல்லாம் குதிரைப் பந்தயம் ஒன்றே. ஆகவே குதிரைப் பாகர்களைப் போல நிறப்பட்டுச் சட்டையும் தொப்பியும் அணிந்தனர். குதிரைகளின் பெயர்களைத் தமக்குச் சூட்டிக்கொண்டனர். பந்தயப் பணமும் கட்டினர். சிலர் கையில் சவுக்குடன் ஓடினராம்! 'றேசிங்' என்ற ஆங்கிலச் சொல் கழகத்தின் பெயராக ஒட்டிக்கொண்டதும் இந்தக் குதிரைப் பந்தய மோகத்தினாலேயே. நிலையத்தார் இவர்களைத் துரத்தியதில் வியப்பில்லை. துரத்தப்பட்ட அந்தப் பையன்களின் கூட்டமே பின்னர் 'றேசிங் கிளப் து பிரான்ஸ்' ஆயிற்று.

ஜோர்ஜ் து சென் கிளேர் என்பவர் வந்து சேர்ந்த பின்னரே இவ்விளையாட்டு ஒழுங்கு பெற்றது. பந்தயப் பணத்தையும் பாகர் வேடத்தையும் அவர் ஒழித்தார். 1885 இல் கழகம் தன் முழுப் பெயரைப் பெற்றது. அடுத்த ஆண்டு புலோன் காட்டிலுள்ள குருவா கத்தலான் என்னுமிடத்தில் அதற்கு நிலம் கிடைத்தது. 1887 இல், 'ஸ்தாட் பிரான்சே' என்ற மற்றொரு மாணவர் கழகத்துடன் சேர்ந்து ஓட்டக் கழகங்களின் ஒன்றியத்தை அமைத்தது. பிரான்சில் ஒழுங்கமைந்த மெய்வல்லுநர் விளையாட்டு வேர்கொண்டது இவ்வாறே.

லாச்சப்பல் மெற்றோவில் 2 ஆம் இலக்க வண்டியில் ஏறி, இறுதித் தரிப்பிடமான போர்த் டோஃபினில் இறங்கினால் புலோன் காட்டின் விளிம்பை அடையலாம். 1900 ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழாவின் மெய்வல்லுநர் போட்டிகள் அங்கிருந்த இக்கழகத்தின் மைதானத்திலேயே நடைபெற்றன. ஒரு சுற்று 500 மீற்றர். சுவடு முழுவதும் புற்றரை. வட்டெறிவோரின் தட்டுகள் மரங்களில் மோதின. எமது ஊர்ப் பாடசாலை மைதானங்களில், பனைகளுக்கு நடுவே சுண்ணாம்புக் கோடு இழுத்து இல்லப் போட்டி நடத்தியவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

அந்தப் புற்றரையில் ஓடியவர்களுள் நோர்மன் பிரிச்சார்ட்டும் ஒருவர். கல்கத்தாவில் பிறந்த அவர், 200 மீற்றர் ஓட்டத்திலும் 200 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்திலும் வெள்ளிப் பதக்கங்களைப் பெற்றார். அவை இந்தியாவுக்குரியனவா பிரித்தானியாவுக்குரியனவா என்ற வாதம் நெடுங்காலம் நீடித்தது. பிறந்த மண் ஒன்றும் கடவுச்சீட்டு வேறொன்றுமாக வாழும் எமக்கு அந்த வாதத்தின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

றேசிங் வசதி படைத்தோரின் கழகமாகவே வளர்ந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆயினும், அதன் பெருமைக்குரியவர்களுள் ஒருவர் அங்கே பரிசாரகராக வேலை செய்தவர். அல்ஜீரியாவில் 1921 இல் பிறந்த அலன் மிமூன், இரண்டாம் உலகப் போரில் மொந்தே கசினோ போர்முனையில் காலில் படுகாயமுற்றார். காலைத் துண்டிக்கவும் மருத்துவர்கள் எண்ணினர். கால் தப்பியது. போர் முடிந்து பாரிஸ் வந்தவர், கழகத்தின் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்துகொண்டே பயிற்சி பெற்றார். 1948 இலும் 1952 இலுமாக மூன்று ஒலிம்பிக் வெள்ளிப் பதக்கங்கள். மூன்று முறையும் முன்னால் ஓடியவர் செக்கோஸ்லோவாக்கியாவின் சாத்தோபெக். இறுதியில் 1956 டிசம்பர் 1 ஆம் திகதி மெல்பேர்ணில் மரதன் ஓட்டத்தில் தங்கம் வென்றார். வென்றவர் ஓய்வெடுக்கச் செல்லவில்லை. ஆறாவதாக ஓடிவந்த சாத்தோபெக்குக்காக எல்லைக்கோட்டருகே காத்து நின்றார்.

அதே மெல்பேர்ண் விழாவிலும் அதற்கு முந்திய ஹெல்சிங்கி விழாவிலும் இலங்கையின் சார்பில் உயரம் பாய்ந்தவர் யாழ். மத்திய கல்லூரியின் பழைய மாணவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 1958 இல் தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் பாய்ந்து, இலங்கைக்கு அவ்விழாக்களின் முதலாவது தங்கத்தைப் பெற்றுக் கொடுத்தவரும் அவரே. உணவகங்களின் சமையலறைகளில் கோப்பை கழுவி வாழ்வைத் தொடங்கிய எம்மவர், மிமூனின் கதையையும் எதிர்வீரசிங்கத்தின் கதையையும் ஒன்றாகவே தம் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

இங்கே சட்டம் பற்றியும் கூற வேண்டியுள்ளது. 1901 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இருவர் சேர்ந்தாலே பிரான்சில் ஒரு சங்கத்தை அமைக்கலாம். ஆனால், 1939 ஏப்ரலில் வந்த ஆணையொன்று, வெளிநாட்டவர் சங்கங்களுக்கு உள்துறை அமைச்சரின் முன் அனுமதியைக் கட்டாயமாக்கியது. அத்தடை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்து 1981 ஒக்ரோபர் 9 ஆம் திகதியே நீக்கப்பட்டது. 1983 யூலைக்குப் பின்னர் எம்மவர் பெருமளவில் வந்தபோது கதவு திறந்திருந்தது. பழைய மாணவர் சங்கங்களும் விளையாட்டுக் கழகங்களும் எளிதில் உருவாக முடிந்தமைக்கு இது முக்கிய காரணம்.

அக்கழகங்களில் உதைபந்தாட்டத்திற்கே முதலிடம் என்பது எமது குறை. மெய்வல்லுநர் விளையாட்டு பெரும்பாலும் கோடையில் ஒரு நாள் விழாவாகவே நின்றுவிடுகிறது. கிண்ணம் வழங்கிப் படம் எடுத்ததும் பிள்ளைகளின் காலணிகள் அலுமாரிக்குள் போய்விடுகின்றன. மழையிலும் குளிரிலும் கிழமைக்கு இரு முறை பயிற்சி நடந்தாலன்றி உயரம் பாய்பவர் உருவாகார். மைதானம் இல்லையென்ற பதிலைச் சென் லசார் மண்டபத்தில் ஓடிய பையன்கள் ஏற்றிருக்க மாட்டார்கள்.

மைதானம் நிலையானதுமன்று. நூற்றிருபது ஆண்டுகள் தன்னிடமிருந்த குருவா கத்தலானை றேசிங் கழகமே 2006 இல் இழந்தது. நிலம் பாரிஸ் மாநகரசபைக்குரியது. அதனை நடத்தும் உரிமை லகார்தேர் நிறுவனத்திற்குச் சென்றது. கழகம் தன் பெயரையும் உறுப்பினரையும் எடுத்துக்கொண்டு ஏனைய இடங்களில் இயங்கத் தொடங்கியது.