வாரக்கணக்கில் இரத்தம் போனால் அது சூடு அல்ல

ஆடிச் சனிக்கிழமைகளில் குச்சனூர் சனீஸ்வரர் கோயிலில் கூட்டம் நெரியும். கூட்டம் சேரும் எந்த ஊரிலும் வயிற்றுப்போக்கு பரவலாம். நோரோ வைரஸ் என்றால் பெரும்பாலும் 3 நாளில் அடங்கிவிடும். ரோட்டா வைரஸ் குழந்தைகளை ஒரு வாரம் வரை வாட்டும். ஆனால் வாரக்கணக்கில் நீடித்து, இரத்தமும் சளியுமாக, நடுராத்திரியில் எழுப்பி ஓடவைக்கும் பேதி வேறு. அதைச் 'சூடு' என்றும் 'மூலம்' என்றும் சொல்லி மோரும் வெந்தயமுமாக மாதங்களைக் கடத்துவது ஆபத்து.

மலப் பரிசோதனையில் அமீபாவோ பாக்டீரியாவோ இல்லையென்றால் குடல் அழற்சி நோயைச் சந்தேகிக்க வேண்டும். பெருங்குடலைப் புண்ணாக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் ஒன்று. குடலில் எங்கும் வரக்கூடிய கிரோன் நோய் மற்றொன்று. வெள்ளைக்காரர் நோய் என்ற நினைப்பு பழையது. பஞ்சாபில் நடந்து 2003இல் வெளியான ஆய்விலேயே லட்சத்துக்கு 44 பேருக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருந்தது.

இது வைரஸால் வருவதா? எந்த ஒரு வைரஸும் காரணம் என்று நிரூபணமாகவில்லை. ஆனால் 2010இல் வந்த எலி ஆய்வு ஒன்றைத் தள்ள முடியாது. கிரோன் நோயோடு தொடர்புள்ள மரபணுக் குறை மட்டும் இருந்த எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நோரோ வைரஸும் தொற்றியபோதுதான் குடலின் காவல் செல்கள் கெட்டன. பரம்பரையும் தொற்றும் கைகோக்க வேண்டியிருந்தது. தட்டம்மை வைரஸ் மீது 1990களில் எழுந்த சந்தேகமோ பிந்தைய ஆய்வுகளில் நிற்கவில்லை. அதை நம்பிக் குழந்தையின் தடுப்பூசியைத் தவறவிடக் கூடாது.

நோய் வந்தவருக்கு வைரஸ் செய்யும் கெடுதல் மட்டும் உறுதியானது. சைட்டோமெகலோ வைரஸ் நம் நாட்டில் பெரும்பாலோர் உடலில் சிறுவயது முதலே உறங்கிக் கிடக்கிறது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கு ஸ்டீராய்டு கொடுத்து எதிர்ப்பு சக்தி குறையும்போது அது புண்ணில் விழித்துக்கொள்ளும். பேதி கூடும். மருந்து போதவில்லை என்று ஸ்டீராய்டை இன்னும் ஏற்றினால் வைரஸுக்குத்தான் வசதி. ஆகவே ஸ்டீராய்டு ஊசி போட்டும் சில நாளில் இரத்தம் நிற்காவிட்டால், குடலுக்குள் குழாய்விட்டுப் புண்ணில் சதை எடுத்து இந்த வைரஸைத் தேட வேண்டும். இருந்தால் கான்சிக்ளோவிர் என்ற மருந்து உண்டு. தாமதித்தால் பெருங்குடலையே அறுத்தெடுக்கும் நிலை வரலாம்.

நம் நாட்டில் இன்னொரு பொறி, குடல் காசநோய். அச்சு அசல் கிரோன் நோய் போலவே இருக்கும். ஸ்டீராய்டு கொடுத்தால் காசம் பரவும். எனவே மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு மாத்திரை வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே சாப்பிட்டு வருபவர்கள் திடீரென நிறுத்துவதும் ஆபத்துதான். க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ குடல் நோய் மருத்துவரிடமோ பழைய சீட்டுகள் அத்தனையையும் எடுத்துச் செல்லுங்கள். எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை எழுதினால், தொடங்குமுன் மஞ்சள்காமாலை பி வைரஸுக்கும் காசத்துக்கும் பரிசோதனை கேளுங்கள்.