படம் தெரியுது, ஆனால் படம் இல்லை!

போன வருசம் அப்பாவுக்கு எழுபத்தைந்து வயது. ஹோல் எடுத்துக் கொண்டாடுவதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "அப்ப ஒரு படப் புத்தகம் அடிச்சுக் குடுப்பம்" என்று நானும் தம்பியும் முடிவெடுத்தோம். பழைய படங்களுக்குக் குறையில்லை என்றுதான் நினைத்திருந்தோம். 2019 கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு லண்டனுக்குப் போனபோது, அப்பாவின் அக்கா, எங்கட மாமி, பாதுகாத்து வைத்திருந்த அல்பத்தை மூன்று இரவு இருந்து ஸ்கான் செய்திருந்தேன். மொத்தம் 186 படங்கள்.

1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது பெரும்பாலான வீடுகளில் அல்பங்கள் அலுமாரியிலேயே விடுபட்டுப் போயின. எங்கட வீட்டிலும் அப்படித்தான். மாமி அதற்கு முன்னரே லண்டனுக்கு வந்தபோது சூட்கேசுக்குள் ஒரு அல்பத்தை வைத்துக் கொண்டுவந்ததால் அது ஒன்றுதான் மிஞ்சியது. மாமி 2021இல் காலமானார். வீட்டை விற்றபோது அல்பத்தை மச்சான் தன்னுடைய கராஜில் ஒரு பெட்டிக்குள் வைத்தார். குழாய் வெடித்துத் தண்ணீர் போனது யாருக்கும் தெரியவில்லை. பெட்டியைத் திறந்தபோது பக்கங்கள் எல்லாம் ஒட்டிப் பாளமாகிவிட்டன.

"பரவாயில்லை மச்சான், என்னட்ட ஸ்கான் இருக்கு" என்று போனில் பெருமையாகச் சொன்னேன்.

லப்டொப்பைத் திறந்தேன். மென்பொருளில் 'மாமி அல்பம்' இருந்தது. 186 சின்னச் சின்னப் படங்களும் வரிசையாகத் தெரிந்தன. புத்தகத்துக்கு அனுப்ப எக்ஸ்போர்ட் அழுத்தினேன். மூலக் கோப்பைக் காணவில்லை என்று வந்தது. அடுத்த படம், அதற்கடுத்த படம், எல்லாவற்றுக்கும் அதே பதில்தான்.

நான் லண்டனில் ஸ்கான் செய்தது மச்சானின் யூஎஸ்பி குச்சியில். அதை லப்டொப்பில் செருகி இம்போர்ட் செய்தேன். படங்கள் தெரிந்ததும் குச்சியைக் கழற்றி அவரிடமே கொடுத்துவிட்டேன். மென்பொருள் படங்களைக் கொப்பி செய்யவே இல்லை. 'இந்தப் படம் அந்தக் குச்சியில் இருக்கிறது' என்று குறித்து வைத்துக்கொண்டு, பார்ப்பதற்கு ஒரு சிறுபடத்தை மட்டும் தன்னிடம் வைத்திருந்தது. பிழை மென்பொருளில் இல்லை. ஒரு சின்னப் பெட்டியில் இருந்த டிக் அடையாளத்தை நான் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கட வயதுப் பெற்றோர் நிறையப்பேர் இப்போது இதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். அம்மா அப்பாவின் காகிதப் படங்கள் ஒரு பக்கம், பிள்ளைகளின் பத்தாயிரம் போன் படங்கள் மறுபக்கம். நான் பட்டுத் தெளிந்ததை இங்கே எழுதுகிறேன்.

அல்பம் என்றால் பெட்டியா, பட்டியலா?

காகித அல்பத்தில் படம் அல்பத்துக்குள்தான் இருக்கும். கணினியில் அப்படி இல்லை. அப்பிள் போட்டோஸ், கூகிள் போட்டோஸ் இரண்டிலும் அல்பம் என்பது வெறும் பட்டியல். ஒரே படம் மூன்று அல்பத்தில் தெரியலாம்; உண்மையில் படம் ஒன்றுதான். அல்பத்தை அழித்தால் பட்டியல் மட்டும் போகும், படம் லைப்ரரியில் இருக்கும்.

ஆனால் அல்பத்துக்குள் போய்ப் படத்தை அழிப்பது வேறு கதை. கூகிள் போட்டோஸில் 'ரிமூவ் ஃப்ரம் அல்பம்' என்றால் பட்டியலிலிருந்து எடுப்பது; குப்பைத்தொட்டி அடையாளத்தைத் தொட்டால் படமே போய்விடும். மக் கணினியில் அப்பிள் போட்டோஸ் அல்பத்துக்குள் நின்று டிலீட் விசையை மட்டும் அழுத்தினால் படம் அல்பத்திலிருந்து விலகும். கொமாண்ட் விசையோடு சேர்த்து அழுத்தினால் லைப்ரரியிலிருந்தே போகும். ஐகிளவுட் போட்டோஸ் போட்டிருந்தால், போனில் அழிக்கும் படம் ஐபாட்டிலும் லப்டொப்பிலும் சேர்ந்தே அழியும். 'போனில் இடமில்லை' என்று பிள்ளை அழிப்பது உங்கட கணினியிலும் அழியும் என்பதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

டிஜிகாம் என்ற இலவச மென்பொருளில் இதற்கு நேரெதிர். அங்கே அல்பம் என்றால் டிஸ்கில் இருக்கும் உண்மையான ஃபோல்டர். அதை அழித்தால் ஃபோல்டரும் படங்களும் சேர்ந்தே குப்பைக்குப் போகும். ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறுகிறவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

அந்தச் சின்னப் பெட்டி

மக்கில் அப்பிள் போட்டோஸின் செட்டிங்ஸில், ஜெனரல் பகுதியில், 'கொப்பி ஐட்டம்ஸ் டு த போட்டோஸ் லைப்ரரி' என்று ஒரு வரி இருக்கும். டிக் இருந்தால் படம் லைப்ரரிக்குள் வந்து சேரும். இல்லாவிட்டால் படம் இருந்த இடத்திலேயே இருக்கும், மென்பொருள் முகவரியை மட்டும் வைத்திருக்கும். அப்படி முகவரியாக இருக்கும் படங்கள் ஐகிளவுடுக்கும் ஏறாது. ஏற்கெனவே அப்படிச் செய்திருந்தால் பயப்பட வேண்டாம். மூலப் படம் இருக்கும் டிஸ்கைச் செருகி, படங்களைத் தெரிவுசெய்து, ஃபைல் மெனுவில் 'கன்சாலிடேட்' கொடுத்தால் எல்லாம் உள்ளே கொப்பியாகும்.

லைட்ரூம் கிளாசிக் பாவிக்கிறவர்களுக்கு இம்போர்ட் திரையின் மேற்பகுதியில் 'கொப்பி', 'மூவ்', 'ஆட்' என்ற சொற்கள் தெரியும். 'ஆட்' என்றால் படத்தை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் பதிவு மட்டும் செய்வது. படங்கள் உங்கட நிரந்தர டிஸ்கில் இருந்தால் அது சரி. கமரா கார்டிலோ இரவல் குச்சியிலோ இருந்தால் 'கொப்பி'தான் போட வேண்டும். ஃபோல்டர் பெயரில் கேள்விக்குறியோ, படத்தின் மேல் ஆச்சரியக்குறியோ வந்தால் மூலத்தைக் காணவில்லை என்று அர்த்தம். ஃபோல்டர் இடம் மாறியிருந்தால் மட்டும், அதை வலது கிளிக் செய்து புதிய இடத்தைக் காட்டினால் சரியாகிவிடும்.

எந்த மென்பொருளாக இருந்தாலும் ஒரு சோதனை போதும். முதலில் ஐந்து படங்களை மட்டும் இம்போர்ட் செய்யுங்கள். குச்சியைக் கழற்றுங்கள், வைஃபையை நிறுத்துங்கள். ஒரு படத்தைத் திறந்து நன்றாகப் பெருப்பித்துப் பாருங்கள், எக்ஸ்போர்ட்டும் செய்து பாருங்கள். முடிந்தால் மிச்சத்தை ஏற்றலாம். இந்த இரண்டு நிமிடத்தை 2019இல் நான் செலவழிக்கவில்லை.

அம்மம்மா 2019இல் பிறந்தாரா?

ஸ்கான் செய்த படங்களுக்கு மென்பொருள் கொடுக்கும் திகதி, ஸ்கான் செய்த நாள். அதனால் அப்பா அம்மாவின் கலியாணமும் என் மகளின் முதல் பள்ளி நாளும் ஒரே வருசத்தில் வந்து நிற்கும். வரிசை குழம்பியது என்று அல்பத்தை அழித்து மீண்டும் இம்போர்ட் செய்வதில் பிரயோசனம் இல்லை. திகதியைத்தான் திருத்த வேண்டும்.

அப்பிள் போட்டோஸில் 'அட்ஜஸ்ட் டேட் அண்ட் டைம்' பல படங்களுக்கு ஒரேயடியாகச் செய்யும். முதல் படத்துக்குக் கொடுக்கும் திகதிக்கேற்ப மற்றவை நகரும். கூகிள் போட்டோஸில் வெப் வழியாகப் போனால் எல்லாவற்றுக்கும் ஒரே திகதி கொடுக்கவும் முடியும், எல்லாவற்றையும் ஒரே அளவு நகர்த்தவும் முடியும். ஆனால் கூகிளில் மாற்றும் திகதி படக் கோப்புக்குள் எழுதப்படுவதில்லை. பின்னொரு நாள் 'டேக்அவுட்' வழியாக எல்லாவற்றையும் இறக்கினால், திருத்திய திகதி பக்கத்தில் வரும் ஜேசன் என்ற துணைக் கோப்பில் இருக்கும். அதைக் குப்பை என்று அழித்துவிடாதீர்கள்.

வருசம் மட்டும் தெரிந்த படத்துக்கு நான் ஜூலை 1 என்று போட்டு, குறிப்பில் 'சுமார் 1974' என்று எழுதுகிறேன். பொய்யான திகதி பிறகு உண்மையாகிவிடக் கூடாது பாருங்கள்.

ஊருக்குப் போய்வந்த படங்களிலும் இதே குழப்பம் வரும். போன் தானாகவே இலங்கை நேரத்துக்கு மாறிவிடும். கமரா ரொறன்ரோ நேரத்திலேயே நிற்கும். கோடையில் ஒன்பதரை மணித்தியாலம், குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலம் வித்தியாசம். அதனால் நல்லூர்த் தேர் போன் படங்களில் காலையிலும், கமரா படங்களில் முதல்நாள் இரவிலும் ஓடும். கமரா படங்களை மட்டும் தெரிவுசெய்து நேரத்தை நகர்த்தினால் இரண்டும் சேர்ந்துவிடும்.

வட்ஸ்அப்பில் வந்தது படமல்ல, படத்தின் நிழல்

குடும்பக் குழுவில் வரும் படத்தில் எடுத்த திகதியும் இடமும் இருக்காது, அளவும் சுருங்கியிருக்கும். அன்ட்ரொயிட் போனில் கோப்பின் பெயரிலே ஒரு திகதி இருக்கும்; அது படம் வட்ஸ்அப்பில் போய்வந்த நாள், எடுத்த நாள் அல்ல. சித்தியிடமோ மாமாவிடமோ பழைய படம் கேட்கும்போது "டொக்குமென்ட் ஆக அனுப்புங்கோ" என்று சொல்லுங்கள். அப்படி அனுப்பினால் மூலக் கோப்பு அப்படியே வரும்.

இன்னொன்று: அன்ட்ரொயிட்டில் கூகிள் போட்டோஸ், கமரா ஃபோல்டரைத்தான் வழமையாக பக்அப் செய்யும். வட்ஸ்அப் ஃபோல்டரையும் சேர்க்க வேண்டுமென்றால் பக்அப் செட்டிங்ஸுக்குள் போய் நீங்கள்தான் அதைத் தெரிவுசெய்ய வேண்டும். 15 ஜிபி இலவச இடம் ஜிமெயிலுக்கும் சேர்த்துத்தான் என்பதால், 'குட் மோர்னிங்' படங்களை முதலில் களைந்துவிட்டுச் சேருங்கள்.

ஐபோனில் 'ஒப்டிமைஸ் ஸ்டோரேஜ்' போட்டிருந்தால் போனில் இருப்பது பல இடங்களில் சுருக்கிய படம்தான். முழுப்படம் ஐகிளவுடில் இருக்கும். கேபிள் போட்டு விண்டோஸ் கணினிக்கு இம்போர்ட் செய்யும்போது படங்கள் குறைவாக வந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன் படங்கள் ஹெயிக் வடிவத்திலும் வருகின்றன. கணினி திறக்க மறுத்தால், போனின் போட்டோஸ் செட்டிங்ஸில் மக் அல்லது பிசிக்கு மாற்றும் பகுதியில் 'ஒட்டோமட்டிக்' என்று வையுங்கள். ஜேபெக் ஆக மாறி வரும்.

ஒரே படம் மூன்று தரம் வந்தால் ஒவ்வொன்றாகக் கையால் அழிக்கப் போகாதீர்கள். அப்பிளில் ஐஓஎஸ் 16இலிருந்து 'டூப்ளிகேட்ஸ்' என்ற பகுதி இருக்கிறது. அதில் 'மேர்ஜ்' கொடுத்தால் நல்ல தரமானதை வைத்துக்கொள்ளும். லைட்ரூம் கிளாசிக்கில் 'சந்தேகமான இரட்டைகளை இம்போர்ட் செய்யாதே' என்று ஒரு தெரிவு உண்டு. தவறி அழித்துவிட்டாலும் அவகாசம் இருக்கிறது. அப்பிளில் 30 நாள், கூகிளில் பக்அப் ஆன படங்களுக்கு 60 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும்.

மாமியின் படங்களுக்கு என்ன நடந்தது?

மச்சானிடம் அந்தக் குச்சி இன்னும் இருந்தது. படங்களை அழித்துவிட்டுக் காரில் கேட்கப் பாட்டுப் போட்டு வைத்திருந்தார். "இனி அதில ஒண்டும் எழுதாதேங்கோ, கழட்டி வைச்சிருங்கோ" என்றேன். அழித்த கோப்பின் மேல் புதிதாக எதுவும் எழுதப்படாதவரை அதை மீட்க வாய்ப்பு இருக்கிறது. போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டோம். அது பழைய பெயர்களையும் ஃபோல்டர்களையும் தராது, கிடைத்ததை எண் போட்டுத் தரும். 121 படங்கள் வந்தன. இன்னும் 20 படங்களை 2019இலேயே அம்மாவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். மிச்சம் 45 படங்களுக்குத் தபால்தலை அளவுச் சிறுபடம் மட்டும்தான் எங்களிடம் இருக்கிறது.

சித்தப்பா சைக்கிளோடு கேற்றடியில் நிற்கும் படம் அந்த 20இல் ஒன்று. அவர் பத்தொன்பது வயதில் போய்விட்டார். வேறு படம் இல்லை. ஐந்து அங்குலத்துக்கு மேல் பெருப்பித்தால் முகம் கலங்கிப்போகும். அதனால் புத்தகத்தில் ஒரு முழுப் பக்கத்தின் நடுவில், அந்தச் சின்ன அளவிலேயே வைத்தோம்.

பெயரில்லாமல் வந்த 121 படங்களோடு ஒரு சனிக்கிழமை அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் சொல்லச் சொல்ல மகள் குறிப்புப் பகுதியில் தட்டச்சு செய்தாள். "இது ஆர் அப்பப்பா?" "இவர்தான் பிள்ளை எனக்கு நீந்தப் பழக்கினவர், கேணிக்குள்ள தள்ளிவிட்டு." 2019இல் ஸ்கான் செய்தபோது இதையெல்லாம் நான் மாமியிடம் கேட்கவில்லை. படங்கள் வந்தால் போதும் என்று இருந்துவிட்டேன். இரண்டு முகங்களை அப்பாவுக்கும் தெரியவில்லை. மாமிக்குத் தெரிந்திருக்கும்.

எழுதிய குறிப்பு மென்பொருளுக்குள் மட்டும் நிற்காமல் படக் கோப்புக்குள்ளும் போகிறதா என்று பாருங்கள். டிஜிகாமில் மெட்டாடேட்டா செட்டிங்ஸில் அதற்கு இடமுண்டு. லைட்ரூம் கிளாசிக்கில் மாற்றங்களை எக்ஸ்எம்பி ஆக எழுதும் தெரிவைப் போட வேண்டும். நாளைக்கு வேறு மென்பொருளுக்கு மாறினாலும் பெயர்கள் படத்தோடு கூடவே வரும். கூகிள் 2016இல் பிக்காசாவை நிறுத்தியபோது, அதற்குள் மட்டும் அல்பம் கட்டி வைத்திருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இப்போது எங்கட படங்கள் மூன்று இடத்தில் இருக்கின்றன: லப்டொப்பில், மேசை லாச்சியில் உள்ள ஒரு வெளி டிஸ்கில், மச்சானின் லண்டன் வீட்டில் இன்னொரு டிஸ்கில். கராஜில் இல்லை, மேல்மாடி அலுமாரியில் வைத்திருக்கிறாராம். கேட்டு உறுதிப்படுத்திவிட்டேன்.