இருபதுக்கும் நாற்பதுக்கும் நடுவே

என் இடது கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. சட்டத்தின் அட்டவணைப்படி இந்த இழப்பு 20 சதவீதம். வேலை கொடுக்கிறவர்கள் போடுகிற கணக்கு வேறு.

உத்திரமேரூர் தாலுகா ஆபீஸ் பக்கம் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பது இப்போது என் பிழைப்பு. அதற்கு முன்னால் ஒரகடம் பக்கம் ஒரு பிரஸ் ஷாப்பில் காண்ட்ராக்ட் வேலை. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பாதி வீடுகளில் யாராவது ஒருத்தர் கம்பெனி வேன் ஏறுகிறவர்தான். கழனி வேலை வருஷம் முழுக்க இல்லை. வேன் தினமும் வரும்.

தகட்டை டையில் வைத்துவிட்டு இரண்டு பட்டனையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பிரஸ் இறங்க வேண்டும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் டைக்குள் எந்தக் கை போகும்? நல்ல ஏற்பாடுதான். ஆனால் மணிக்கு இத்தனை பீஸ் என்று நெருக்கும்போது ஒரு பட்டனை டேப் ஒட்டி அமுக்கி வைத்துவிடுவார்கள், இல்லையென்றால் கால் பெடலுக்கு மாற்றிவிடுவார்கள். கை குறுக்கே வந்தால் மெஷினை நிறுத்த வேண்டிய சென்சாரையும், அடிக்கடி நிற்கிறது என்று அணைத்து வைப்பார்கள். நான் ஓட்டியது பெடல் பிரஸ்.

இ.எஸ்.ஐ. காப்பீடு இருந்ததால் பிழைத்தேன். இது பலருக்குத் தெரிவதில்லை: சாதாரண நோய்க்கு லீவுப் பணம் வாங்க ஆறு மாதத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும், வேலையில் நடந்த விபத்துக்கு அப்படி எதுவும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு. காயம் ஆறும் வரை கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். அதற்குப் பிறகு மெடிக்கல் போர்டு உட்கார்ந்து நிரந்தர இழப்பு எவ்வளவு என்று சொல்லும். அப்போது என் கூலி நாளுக்கு 400 ரூபாய். அதில் 90 சதவீதம் 360, அதில் 20 சதவீதம் 72. மாதம் 2,160 ரூபாய், ஆயுள் முழுக்க. வேறு வேலைக்குப் போனாலும் நிற்காது. வேறு வேலை கிடைத்ததும் இது நின்றுவிடும் என்று நினைத்து, கேட்காமலே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கை ஆறித் திரும்பிப் போனேன். "உன்ன பிரஸ்ல விட முடியாதுப்பா" என்றார் காண்ட்ராக்டரின் ஆள். பேக்கிங்கில் போடுங்கள் சார் என்றேன். அங்கே ஆள் இருக்கிறது என்றார். காயம் ஆறும் வரை உதவித்தொகை வாங்கும் காலத்தில் ஒருவரை வேலையை விட்டு நீக்கக்கூடாது என்று இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-வது பிரிவு அப்போது சொன்னது. நான் போனது அந்தக் காலம் முடிந்த பிறகு. நீக்கினேன் என்று யாரும் எழுதித் தரவும் இல்லை. அடுத்த மாத லிஸ்டில் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

சரி, மாற்றுத் திறனாளி அட்டையாவது வாங்கலாம் என்று காஞ்சிபுரம் போனேன். 2016-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டம் ஊன வகைகளை 7-லிருந்து 21 ஆக்கியது. அரசு வேலையில் 3 சதவீத இடத்தை 4 ஆக்கியது. ஆனால் அந்த இட ஒதுக்கீட்டுக்கு வாசல்படி 40 சதவீதம். மாதாமாதம் வரும் உதவித்தொகைக்கும் (2023 ஜனவரியிலிருந்து அது 1,500 ரூபாய்) அதே வாசல்படிதான். நான் அதற்கு வெளியே. டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையை அளந்தார். அந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன வேலை செய்ய முடியும் என்று அளக்கச் சொல்லி அவரிடம் யாரும் கேட்கவில்லை.

இதே சட்டத்தின் 20-வது பிரிவில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. அரசு ஊழியர் பணிக்காலத்தில் ஊனமானால் அவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அதே சம்பளத்தில் வேறு வேலை கொடுக்க வேண்டும். வேலை இல்லையென்றால் கூடுதலாக ஒரு பணியிடமே உருவாக்க வேண்டும். கண் பார்வை போன அரசு பஸ் டிரைவர் இதைக் காட்டி வழக்குப் போடலாம். காண்ட்ராக்டர் வேனில் போனவனுக்கு அந்தப் பிரிவு எட்டாது.

அவனுக்கு எட்டக்கூடியது ஒரு பழைய தீர்ப்பு. 1968-இல் ஒரிசாவின் ஜெய்ப்பூரில் ஒரு சினிமா கொட்டகையில் அலங்கார வேலை செய்த தச்சர் கீழே விழுந்தார். இடது கையை முழங்கைக்கு மேலே வெட்ட வேண்டியதாயிற்று. போனது ஒரு கைதான், ஆகவே இழப்பும் ஒரு பகுதிதான் என்று முதலாளி வாதாடினார். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இழப்பு நூறு சதவீதம் என்பதை 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. உடம்பில் போன சதவீதம் வேறு, சம்பாத்தியத்தில் போன சதவீதம் வேறு என்று 2010-இல் ஒரு வாகன விபத்து வழக்கிலும் அதே நீதிமன்றம் விளக்கியது. கை போன குமாஸ்தா வேலையில் தொடரலாம், கை போன டிரைவர் எப்படித் தொடருவார் என்பதுதான் அதன் சாரம். நான் எழுதும் மனுக்களில் இந்த இரண்டையும் சேர்க்காமல் விடுவதில்லை.

நோய் என்று வந்துவிட்டால் இன்னும் சிக்கல். மதூர், சாலவாக்கம் பக்கம் குவாரியிலும் கிரஷரிலும் வேலை செய்பவர்கள் இருமிக்கொண்டே வருவார்கள். கல்தூசு நுரையீரலில் படிந்து இறுகுவது சிலிகோசிஸ். அதைக் குணமாக்க மருந்து இல்லை. பார்வைக்குக் காசநோய் மாதிரியே இருப்பதால் பலர் வருஷக்கணக்கில் டி.பி. மாத்திரை சாப்பிடுகிறார்கள். சிலிகோசிஸ் என்று டாக்டர் எழுதினால் அது வேலையால் வந்த நோய், விபத்துக்குச் சமமான நஷ்டஈடு உண்டு. ஆனால் கிரஷரில் வேலை செய்ததற்கு அத்தாட்சி வேண்டும். வாரக் கூலியைக் கையில் வாங்கியவரிடம் என்ன அத்தாட்சி இருக்கும்? கூட வேலை செய்தவர்களின் சாட்சி, கூலி வந்த கூகுள் பே பதிவு, சைட்டில் எடுத்த போட்டோ, எது கிடைத்தாலும் எடுத்து வரச் சொல்கிறேன்.

போன வாரம் மானாம்பதி பக்கத்திலிருந்து ஒரு கொத்தனார் வந்தார். வயது 40. சாரம் சரிந்து விழுந்து, மணிக்கட்டு மடங்காமல் நின்றுவிட்டது. கரணை பிடிக்க முடியவில்லை. இ.எஸ்.ஐ. கிடையாது. ஆஸ்பத்திரிச் சீட்டில் 35 சதவீதம். அவருக்குப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம்தான் வழி. மாதக் கூலி எவ்வளவு ஆனாலும் சட்டம் 15,000 வரைதான் கணக்கில் எடுக்கும். அதில் 60 சதவீதம் 9,000. 40 வயதுக்கான எண் 184.17. பெருக்கினால் 16,57,530 ரூபாய். கொத்து வேலையே இனி முடியாது என்று டாக்டரும் தொழிலாளர் துணை ஆணையரும் ஏற்றால் கிடைக்கக்கூடியது இது. சீட்டில் இருக்கும் 35-ஐ வைத்தால் 5 லட்சத்து 80 ஆயிரம்.

மேஸ்திரி ஒரு லட்சம் தருகிறாராம், வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட வேண்டுமாம். "கேஸ் போட்டா அவரு வேற சைட்டுக்குக் கூப்புடமாட்டாருண்ணா" என்றார். இந்தக் கையோடு எந்த சைட்டுக்குக் கூப்பிடுவார் தம்பி என்று கேட்டேன். பதில் இல்லை. விபத்து நடந்து இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டும்; அவருக்கு இன்னும் நாள் இருக்கிறது. வீட்டில் கலந்துகொண்டு திங்கட்கிழமை வருகிறேன் என்று போயிருக்கிறார். மேஸ்திரி ஞாயிற்றுக்கிழமையே வருகிறாராம்.