கொல்லைக் குளத்திற்கு மின்சிக்கனப் பம்பைத் தேர்ந்தெடுத்தல்

வீட்டுக் கொல்லையில் அமைக்கப்படும் சிறு குளத்தில் நீரைச் சுழற்றவும், வடிகட்டிக்கு அனுப்பவும், மீன்களுக்குத் தேவையான ஆக்சிஜன் நீரில் கரையவும் உதவும் மின்கருவி குளப் பம்பு எனப்படும். கிணற்றிலிருந்து மேல்தொட்டிக்கு நீர் ஏற்றும் மோட்டார் நாளுக்குச் சற்று நேரமே ஓடுகிறது. குளப் பம்பு இரவும் பகலும் ஓட வேண்டியது. ஆகவே அதை வாங்கும் விலையைவிட, அது எடுக்கும் மின்சாரத்தின் விலையே காலப்போக்கில் பெரிதாகிறது.

2020ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கொல்லைப்புற அலங்கார மீன் வளர்ப்பும் ஒரு பிரிவு. இதில் பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 60 விழுக்காடும் மானியம் உண்டு. மானியம் அமைப்புச் செலவுக்குத்தான். மாதாமாதம் ஓடும் மின்செலவு வளர்ப்பவரையே சேரும். குளச்சல் போன்ற கடலோர ஊரில் தென்னை விளைக்குள் ஒரு குளம் வெட்டி மீன் வளர்ப்பவருக்கு, கையில் லாபம் நிற்குமா என்பதைப் பம்பின் தேர்வும் தீர்மானிக்கிறது.

தேவையைக் கணக்கிடுதல்

முதலில் குளத்தின் கொள்ளளவைக் காண வேண்டும். 10 அடி நீளம், 7 அடி அகலம், 3 அடி ஆழம் உள்ள குளத்தின் கன அளவு 210 கன அடி. ஒரு கன அடி சுமார் 28.3 லிட்டர். எனவே குளத்தில் ஏறத்தாழ 6,000 லிட்டர் நீர் இருக்கும்.

மீன் வளர்க்கும் குளத்தில் முழு நீரும் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை வடிகட்டியைக் கடப்பது நல்ல அளவு. அப்படியானால் மணிக்கு 3,000 லிட்டர் தேவை. மீன் குறைவாகவும் செடிகள் மிகுதியாகவும் உள்ள குளத்திற்கு இதில் பாதியும் போதும்.

அடுத்தது ஏற்ற உயரம். குளத்து நீர்மட்டத்திலிருந்து நீர் வந்து விழும் இடம் வரையுள்ள உயரத்துடன், குழாயின் உராய்வால் ஏற்படும் இழப்பையும் கூட்ட வேண்டும். நீர் 1.5 மீட்டர் ஏறுகிறது, இழப்பு 0.5 மீட்டர் என்றால் மொத்தம் 2 மீட்டர்.

மணிக்கு 3,000 லிட்டர் நீரை 2 மீட்டர் உயர்த்த, கணக்குப்படி சுமார் 16 வாட் போதும். சிறு பம்புகளின் செயல்திறன் குறைவு. 30 விழுக்காடு என்று கொண்டால் சுமார் 55 வாட் மின்சாரம் வேண்டும்.

பெரிய மோட்டாரின் விலை

வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று அரை ஹெச்.பி. மோட்டாரைக் குளத்தில் மாட்டினால் என்ன ஆகும்? அது சுமார் 600 வாட் எடுக்கும் எனக் கொள்வோம். 60 நாள்கள் இடைவிடாமல் ஓடினால்:

• 55 வாட் பம்பு: சுமார் 79 யூனிட்
• 600 வாட் மோட்டார்: 864 யூனிட்

தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்திற்கு ஒருமுறை அடுக்கு முறையில் கணக்கிடப்படுகிறது. பயன்பாடு கூடக் கூட ஒரு யூனிட்டின் விலையும் கூடும். எனவே குளத்திற்காகக் கூடும் யூனிட்டுகள் விலை உயர்ந்த அடுக்கிலேயே சேர்கின்றன. அதிக நீரை வால்வால் அடைத்துக் குறைப்பதும் தீர்வாகாது; பம்பின் ஆற்றல் வால்விலேயே வீணாகும்.

பெட்டியில் உள்ள எண்கள்

பம்பின் பெட்டியில் பொதுவாக இரண்டு எண்கள் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். ஒன்று அதிகபட்ச நீரளவு. இது நீரை உயர்த்தாமல் விடும்போது கிடைப்பது. மற்றொன்று அதிகபட்ச உயரம்; அந்த உயரத்தில் நீரே வராது. இரண்டும் ஒருசேரக் கிடைப்பதில்லை. 'மணிக்கு 3,000 லிட்டர், 2 மீட்டர்' என்று எழுதிய பம்பை மேலே கண்ட குளத்தில் வைத்தால் தேவையான அளவு நீர் வந்து சேராது.

ஆகவே உயரத்திற்கேற்ப நீரளவு குறைவதைக் காட்டும் வரைபடத்தைக் கடைக்காரரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். நமக்கு வேண்டிய உயரமும் நீரளவும் சந்திக்கும் புள்ளி, வரைகோட்டின் நடுப்பகுதியில் அமைவது நல்லது. அந்தப் புள்ளியில் எந்தப் பம்பு குறைந்த வாட் எடுக்கிறதோ அதுவே சிக்கனமானது. ஒரே வேலையை ஒன்று 55 வாட்டிலும் மற்றொன்று 100 வாட்டிலும் செய்தால், ஓராண்டில் வேறுபாடு சுமார் 394 யூனிட்.

குழாயின் பங்கு

மணிக்கு 3,000 லிட்டர் நீர், உள்விட்டம் 20 மில்லிமீட்டர் உள்ள குழாயில் 10 மீட்டர் தூரம் செல்லும்போது சுமார் 4 மீட்டர் உயரத்திற்கு ஈடான இழப்பு ஏற்படும். குழாய் 32 மில்லிமீட்டராக இருந்தால் இழப்பு சுமார் 0.4 மீட்டர்தான். நல்ல பம்பை வாங்கிவிட்டுக் குறுகிய குழாயைப் பொருத்தினால் பயன் இல்லை. எல்போக்களைக் குறைப்பதும், அருவி வைத்தால் அதன் உயரத்தை ஓர் அடி தாழ்த்துவதும் மின்சாரத்தை மிச்சப்படுத்தும்.

இரவில் நிறுத்தலாமா?

கூடாது. பகலில் பாசியும் செடிகளும் ஆக்சிஜனை வெளிவிடுகின்றன. இரவில் அவையும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. விடியலுக்கு முன்புதான் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. அந்த நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்தால் ஆபத்து நெருங்கிவிட்டது என்று பொருள். வடிகட்டியில் வாழும் நல்ல பாக்டீரியாக்களும் நீரோட்டம் நின்றால் மடியத் தொடங்கும்.

ஆக்சிஜனுக்காக மட்டும் நீரை உயரத்திலிருந்து கொட்டுவதைவிட, சிறு காற்றுப் பம்பு வைப்பது சிக்கனம். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு மின்வெட்டிலும் கைகொடுக்கும்.

சூரிய மின்பம்பை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். மேலும், குமரி மாவட்டத்திற்குத் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் உண்டு. மேகமூட்டமான நாள்கள் வந்தே தீரும்.

கடலோரத்தில் கவனிக்க வேண்டியவை

• உப்புக் காற்றும் உவர்நீரும் வார்ப்பிரும்பை அரிக்கும். பிளாஸ்டிக் இறக்கையும் பீங்கான் தண்டும் கொண்ட, காந்தத்தால் சுழலும் பம்பு ஏற்றது.
• எண்ணெய் நிரப்பிய நீர்மூழ்கி மோட்டாரை மீன்குளத்தில் இறக்கக் கூடாது. சீல் பழுதானால் எண்ணெய் நீரில் கலக்கும்.
• எர்த் இணைப்பும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம். பம்பு ஓடும்போதோ மின்சாரம் இணைந்திருக்கும்போதோ குளத்தில் கை வைக்கக் கூடாது.
• பம்பின் வாய்வலையை வாரந்தோறும் கழுவ வேண்டும். தென்னம்பூவும் சருகும் அடைத்தால் நீர் குறையும். மின்சாரமோ அந்த அளவுக்குக் குறையாது.