விண் பொழியும் துகள்கள்

நுழையும்முன்

பேரண்டத்தைப் பற்றிய செய்திகளை ஒளி மட்டுமே கொண்டுவருவதில்லை. விண்ணிலிருந்து ஓயாது வந்து சேரும் நுண்துகள்களும் கொண்டுவருகின்றன. அவற்றை ஆராயும் துறையே துகள் வானியற்பியல். மலையுச்சியும் சுரங்கத்தின் ஆழமும் இத்துறையின் ஆய்வுக்களங்களான வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஓசையற்ற பொழிவு

கொல்லிமலையில் ஆகாயகங்கை அருவி பேரிரைச்சலுடன் விழுகிறது. அதே மலையின்மீது, கண்ணுக்கும் செவிக்கும் எட்டாத வேறொரு பொழிவும் இரவுபகலாக நிகழ்கிறது. அது அண்டக்கதிர்களின் விளைவு. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறியவர்மீது, அடிவாரத்தில் நிற்பவரைவிடச் சற்று மிகுதியான துகள்கள் விழுகின்றன. மேலே செல்லச் செல்லக் காற்றுப்போர்வை மெலிவதே அதற்குக் காரணம்.

இவ்வுண்மையை ஆஸ்திரிய அறிவியலாளர் விக்டர் ஹெஸ் 1912ஆம் ஆண்டில் கண்டறிந்தார். காற்றை மின்னேற்றம் பெறச் செய்யும் கதிர்வீச்சு நிலத்திலுள்ள பாறைகளிலிருந்தே வருகிறது என அதுவரை பலரும் கருதினர். அவ்வாறாயின், உயரே செல்லச் செல்ல அது குறைதல் வேண்டும். பலூனில் ஐயாயிரம் மீட்டருக்கும் மேலே சென்ற ஹெஸ், அது கூடுவதையே கண்டார். கதிர்வீச்சு விண்ணிலிருந்து வருகிறது என்பது தெளிவாயிற்று. 1936ஆம் ஆண்டு நோபல் பரிசு அவரைச் சேர்ந்தது.

துகள் மழை

அண்டக்கதிர்களுள் பெரும்பாலானவை புரோட்டான்கள். அவை காற்றின் அணுக்கருக்களோடு மோதும்போது புதிய துகள்கள் பிறக்கின்றன. அவை மேலும் மோதிப் பெருகித் துகள் மழையாகின்றன. இம்மழையில் மியூவான் என்னும் துகள் தரைவரை வந்து சேர்கிறது. அதன் சராசரி வாழ்நாள் ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ இரண்டு பங்கே. அதற்குள் ஒளியின் வேகத்தில் சென்றாலும் ஏறக்குறைய 660 மீட்டரே கடக்க இயலும். ஆயினும் பத்துக் கிலோமீட்டருக்கும் மேலே பிறந்த மியூவான்கள் நிலத்தை அடைகின்றன. மிகு வேகத்தில் செல்லும் பொருளுக்குக் காலம் மெதுவாகக் கழியும் என்ற ஐன்ஸ்டைனின் கொள்கைக்கு இது கண்கூடான சான்று.

சுரங்கத்தில் இடையூறு

துகள் மழையில் நியூட்ரினோக்களும் பிறக்கின்றன. மின்னூட்டமற்ற இவை புவியையே ஊடுருவிச் செல்லும். இவை பிற பொருள்களோடு வினைபுரிவது மிக அரிது. எங்கும் நிறைந்து விழும் மியூவான்களுக்கிடையே அந்த அரிய நிகழ்வைப் பிரித்தறிதல் கடினம். எனவே மியூவான்களைத் தடுக்கப் பெரும் பாறைக்கவசம் தேவைப்பட்டது.

தமிழ்த் தொழிலாளர் பலர் தலைமுறை தலைமுறையாக உழைத்த கோலார் தங்கவயல் அதற்கு இடமளித்தது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவன அறிவியலாளர்கள், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழக அறிஞர்களோடு இணைந்து, நிலத்துக்குக் கீழே இரண்டு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் கருவிகளை நிறுவினர். காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடயத்தை 1965ஆம் ஆண்டில் அவர்கள் பதிவு செய்தனர். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கமொன்றிலும் அதே ஆண்டில் இத்தகைய பதிவு கிடைத்தது.

மலையில் அளவுகோல்

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் அதே நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் இயங்குகிறது. துகள் பாயும்போது மெல்லிய ஒளியை உமிழும் பிளாஸ்டிக் தகடுகள் கொண்ட உணர்கருவிகள் அங்குப் பரந்த நிலப்பரப்பில் வரிசையாக அமைந்துள்ளன. மியூவான்களை எண்ணுவதற்கென்றே, வாயு நிரப்பிய 3,712 இரும்புக் குழாய்கள் 560 சதுர மீட்டர் பரப்பில் அடுக்கப்பட்டுள்ளன.

2014 டிசம்பர் 1 அன்று ஓர் இடிமுகில் அவ்வழியே கடந்தபோது மியூவான்களின் எண்ணிக்கை சற்றுக் குறைந்தது. முகிலின் மின்புலம் மியூவான்களின் ஆற்றலை மாற்றியதே காரணம். அச்சிறு குறைவைக் கொண்டு கணக்கிட்ட ஆய்வாளர்கள், முகிலுள் ஏறத்தாழ 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் நிலவியதை 2019ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கோலாரில் இடையூறெனத் தடுக்கப்பட்ட மியூவான், உதகையில் அளவுகோலாயிற்று. தொலைவிலுள்ள விண்மீன்களை அறிய அமைத்த கருவி, தலைக்கு மேலே சென்ற முகிலின் ஆற்றலையும் அளந்தது.

விடை தேடும் வினா

மிகுந்த ஆற்றலோடு வரும் அண்டக்கதிர்கள் எங்கே பிறக்கின்றன என்னும் வினாவுக்கு இன்னும் முழு விடை கிடைக்கவில்லை. மின்னூட்டம் பெற்ற துகள்களை விண்வெளியின் காந்தப்புலங்கள் திசைதிருப்புவதால், அவை வந்த வழியைக் கொண்டு பிறப்பிடத்தை அறிய இயலாது. நியூட்ரினோ திசைமாறாது வரும். ஆனால் எளிதில் சிக்காது. இவ்விரு தடைகளையும் கடக்க இயற்பியலோடு கணிதமும் மின்னணுவியலும் கணினியறிவும் கைகோக்க வேண்டியுள்ளது. எதிர்பார்த்த எண்ணிக்கையிலிருந்து சற்றே விலகும் ஓர் எண்ணைப் பிழையென ஒதுக்கிவிடாமல், அதற்குக் காரணம் தேடும் பொறுமையே இத்துறைக்கு அடிப்படைத் தகுதி.