வண்டி இடித்துவிட்டதா? "பேசி முடிச்சுக்கிடலாம்" என்று சொல்வதற்கு முன்னால்...



நம் குழுக்களில் இது அடிக்கடி காதில் விழுகிற கதைதான். சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போன அக்காவை ஒரு பைக் தட்டிவிட்டது. கை முறிவு. இடித்த பையனின் அப்பா ஆஸ்பத்திரிக்கு ஓடி வருகிறார். "கேஸெல்லாம் எதுக்கும்மா, செலவு முழுசும் நான் பாத்துக்கிடுதேன்" என்கிறார். நம்ம ஊர்க்காரர்தானே என்று அக்காவும் இரக்கப்பட்டு, "வீட்டுப் படியில வழுக்கி விழுந்துட்டேன்" என்று டாக்டரிடம் சொல்லிவிடுகிறார். மூன்று மாதம் கழித்து கம்பி வைத்த கை மடங்கமாட்டேன் என்கிறது. மாடு கறக்க முடியவில்லை. குழுக் கடன் தவணை நிற்கிறது. அந்த அப்பாவோ போனை எடுப்பதில்லை.

இரக்கப்பட்டது தப்பில்லை. ஆனால் அந்தப் பையன் வீட்டுக்காரர்கள் கையில் இருந்து பணம் போய்விடுமே என்று நினைத்ததுதான் தெரியாமல் செய்தது. ரோட்டில் ஓடுகிற ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம். அந்த இன்சூரன்ஸ் எதற்கு? வண்டியால் அடிபடும் நம்மைப் போன்றவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்கத்தான். இன்சூரன்ஸ் சரியாக இருந்தால் பணம் கொடுப்பது கம்பெனி. இன்சூரன்ஸ் இல்லாத வண்டி என்றால்தான் சொந்தக்காரர் தலையில் விழும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. விபத்துக்குப் பின்னால் இரண்டு வழக்குகள் தனித்தனியாக நடக்கும். ஒன்று போலீஸ் போடுகிற கிரிமினல் வழக்கு. அதில் டிரைவருக்கு அபராதம் போட்டால் அந்தப் பணம் அரசாங்கத்துக்குப் போகும், நமக்கு வராது. நமக்குப் பணம் வருவது இரண்டாவது வழக்கில், அதாவது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி நாம் போடுகிற இழப்பீட்டு மனுவில். கிரிமினல் கேஸில் டிரைவர் விடுதலை ஆகிவிட்டாலும் இந்த மனு தானாகத் தள்ளுபடி ஆகாது. இங்கே சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, யார் பக்கம் நியாயம் கூடுதலாகத் தெரிகிறது என்றுதான் பார்ப்பார்கள்.

ஆகவே ஆஸ்பத்திரியில் சொல்லும் முதல் வார்த்தை முக்கியம். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜாக இருந்தாலும் சரி, தனியார் ஆஸ்பத்திரியாக இருந்தாலும் சரி, விபத்துப் பதிவேட்டில் நீங்கள் சொல்வதைத்தான் எழுதுவார்கள். அதற்குப் பெயர் ஏ.ஆர். காப்பி. "படியில் விழுந்தேன்" என்று அதில் ஏறிவிட்டால் பிறகு வக்கீல் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சிரமம். எந்த இடம், எந்த வண்டி, நம்பர் தெரிந்தால் நம்பர், இதைச் சொன்னால் போதும். பிறகு எஃப்.ஐ.ஆர். நகல் வாங்க வேண்டும், இலவசம்தான். எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு, பில், ஆட்டோவுக்குக் கொடுத்த காசு எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். 2022 ஏப்ரல் முதல் போலீஸ்காரர்களுக்கும் கெடு வைத்திருக்கிறார்கள். விபத்து நடந்த 48 மணி நேரத்தில் முதல் அறிக்கை, 90 நாளில் விரிவான அறிக்கை, இரண்டும் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். போயிற்றா என்று ஸ்டேஷனில் கேட்பது நம் உரிமை.

தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். பணம் கட்டினால்தான் தொடுவோம் என்றால் இந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

நம் மாவட்டம் எல்லையில் இருக்கிறது. களியக்காவிளை பக்கத்தில் கேரள வண்டி இடிக்கும், சிகிச்சை திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜில் நடக்கும். அதற்காகக் கேரளா கோர்ட்டுக்கு அலைய வேண்டாம். விபத்து நடந்த இடத்தில் மட்டுமல்ல, நாம் குடியிருக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலும் மனு போடலாம். இடித்த வண்டி நிற்காமல் போய், கடைசிவரை அடையாளமே தெரியவில்லை என்றால்? அதற்கும் வழி உண்டு. தாசில்தார் அல்லது வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தால் மரணத்துக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50 ஆயிரம் ரூபாய் கிடைக்கும். வண்டி தெரிந்து, யார் மேல் தப்பு என்று வாதாட வேண்டாம் என்றால், மரணத்துக்கு 5 லட்சம், பலத்த காயத்துக்கு இரண்டரை லட்சம் என்று கேட்கும் வழியும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் காயம் பெரிது என்றால் அவசரப்பட்டு இதை வாங்காதீர்கள். முழு மனுவில் இதைவிடக் கூடுதலாக வர வாய்ப்பு உண்டு.

சரி, எவ்வளவு கிடைக்கும்? "நான் வீட்டுலதானே இருக்கேன், எனக்கு என்ன சம்பளம்" என்று நம்மில் பலர் கேட்பார்கள். கோர்ட் அப்படிக் கேட்பதில்லை. 1989-இல் ஜாம்ஷெட்பூரில் நடந்த தீ விபத்தில் இறந்த இல்லத்தரசிகளின் உழைப்புக்கு மாதம் 3,000 ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2001-இல் கணக்குப் போட்டது. 2021 ஜனவரியில் நீதிபதி என்.வி.ரமணா எழுதிய தீர்ப்பில் ஒரு அரசுக் கணக்கெடுப்பை எடுத்துக் காட்டினார். சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளைக்கு 299 நிமிடம் செலவழிக்கிறார்கள், ஆண்கள் 97 நிமிடம். (வீட்டில் வாசித்துக் காட்ட வேண்டிய கணக்கு!) கூலி வேலைக்காரரின் வருமானத்தைவிட இல்லத்தரசியின் மதிப்பைக் குறைத்துப் போடக்கூடாது என்று 2024-இலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

கணக்கு இப்படித்தான். 38 வயதுப் பெண், மாத வருமானம் 10,000 என்று கோர்ட் எடுத்துக்கொள்வதாக வைப்போம். வருடத்துக்கு 1,20,000. உச்ச நீதிமன்றம் 2009-இல் வகுத்த அட்டவணைப்படி 36 முதல் 40 வயது வரை 15-ஆல் பெருக்க வேண்டும். 18 லட்சம் வருகிறது. கை ஊனத்தால் வேலைத் திறன் 30 சதவீதம் போயிற்று என்றால் 5,40,000. இதற்கு மேல் வைத்தியச் செலவு, வலிக்கு, கூட இருந்து பார்த்தவருக்கு, சத்துணவுக்கு, வண்டிக் கூலிக்கு என்று தனித்தனியாகச் சேரும்.

இதில் ஒரு நுணுக்கம். டாக்டர் தரும் ஊனச் சதவீதமும் வேலை இழப்புச் சதவீதமும் ஒன்றல்ல. கை போன டிரைவருக்கோ தச்சருக்கோ பிழைப்பே போய்விடும், குமாஸ்தாவுக்கு அப்படிப் போகாது என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. விரல் போன பால்வெட்டுக்காரிக்கு டாக்டர் 15 சதவீதம் எழுதலாம், ஆனால் கத்தி பிடிக்க முடியாதே! அதை வக்கீலிடம் அழுத்திச் சொல்லுங்கள். வருமானத்துக்குச் சம்பளச் சீட்டு இல்லையே என்று பயப்படவும் வேண்டாம். குழுவின் கடன் பதிவேடு, சேமிப்புப் பாஸ்புத்தகம், மாடு வாங்கின ரசீது, பால் சொசைட்டிக் கணக்கு, வேலை அட்டை எல்லாவற்றையும் ஆதாரமாகக் காட்டிப் பார்க்கலாம். ஊக்குநர்கள் பதிவேட்டை ஒழுங்காக எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

டெம்போ விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். குளச்சலில் இருந்து மீன் கூடையோடு டெம்போவில் போகும் பெண், சரக்கின் சொந்தக்காரி. அடிபட்டால் இன்சூரன்ஸில் கேட்கலாம். அதே டெம்போவில் கல்யாண வீட்டுக்கோ கொடைக்கோ கூட்டமாக ஏறிப் போனால் அவர் சும்மா பயணி. சரக்கு வண்டியில் அப்படிப் போனவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வண்டிக்காரரிடம்தான் வாங்க வேண்டும், அவரிடம் இருந்தால். குழுக் கூட்டத்துக்கும் பேரணிக்கும் டெம்போ பிடிக்கும் பழக்கத்தை நாமே விடுவது நல்லது. அரசு பஸ் என்றால் போக்குவரத்துக் கழகமே கொடுக்க வேண்டும். தராவிட்டால் பஸ்ஸையே கோர்ட் ஜப்தி செய்வதைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள்.

வேலை இடத்தில் அடிபட்டால் சட்டம் வேறு. அண்டி ஆபீஸில் ஈ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் ஈ.எஸ்.ஐ. வழியாகத்தான் உதவித்தொகை, இல்லாவிட்டால் முதலாளி இழப்பீடு தர வேண்டும். முதலாளி தப்பு செய்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை. வேலைக்குப் போகும் வழியில், திரும்பும் வழியில் நடக்கும் விபத்தும் 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் சேர்ந்திருக்கிறது.

கெடு மறக்காதீர்கள். வாகன விபத்து மனுவை 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்று 2022 ஏப்ரல் 1 முதல் சட்டம் சொல்கிறது. அதற்கு முன் கெடு இல்லாத காலம் இருந்ததால் "எப்ப வேணும்னாலும் போடலாம்" என்று சிலர் இன்னும் சொல்வார்கள், நம்ப வேண்டாம். இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் போயிருக்கின்றன. ஆகவே தாமதமாகியிருந்தாலும் கேட்காமல் கைவிட்டுவிடாதீர்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்கும் புரோக்கர்களிடம் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கிடைக்கும் தொகையில் இத்தனை பங்கு என்று வக்கீல் பேசுவது அவர்கள் தொழில் விதிப்படியே கூடாது. மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசினால் சீக்கிரம் பணம் வரும், நல்லதுதான். ஆனால் அங்கே முடித்தால் அப்பீல் கிடையாது. இன்னொரு ஆபரேஷன் பாக்கி இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டபிறகு சம்மதியுங்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையா? 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண் என்றால் போதும், வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. நாகர்கோவில் கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. போனில் கேட்க 15100. போகும்போது ஏ.ஆர். காப்பி, எஃப்.ஐ.ஆர்., ஆதார், அந்தக் கவர், துணைக்குக் குழுவில் இருந்து ஒருவர்.