மாத்திரைக்கும் டம்மி நம்பர்!

திருச்சியில் துறையூர் பஸ் ஏறி, ஸ்வஸ்திக் கிணறு பார்க்க திருவெள்ளறை போறீங்களா? போட்டோ எடுத்து முடிச்சதும், அரசு ஆஸ்பத்திரியில் பிரஷர் மாத்திரை வாங்குற பாட்டி யாராவது கண்ணில் பட்டா, அந்த அட்டையை வாங்கிப் பாருங்க. ‘தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல’ன்னு அச்சடிச்சிருக்கும்.

அதுக்குப் பின்னாடி ஒரு பட்ஜெட் கதை இருக்கு பாஸ். மருந்துக்கு ஒதுக்குற காசே கொஞ்சம்; அதுலயும் கொள்முதல் முறைகேடு, தட்டுப்பாடு. சிகிச்சையில் கை வைக்காம, வாங்குற முறையையே மாத்த 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை ஆரம்பிச்சாங்க.

முதல்ல, அத்தியாவசிய மருந்துகளுக்கு ஒரு லிஸ்ட். பிராண்ட் பேர் கிடையாது, மருந்தோட பேர் மட்டும். மாநிலத்துக்கே சேர்த்து டெண்டர்... மொத்தமா வாங்கினா விலை இறங்கும்ல? கம்பெனி பேரை மறைச்சு, ரகசிய நம்பர் போட்டுத்தான் சாம்பிள் லேபுக்குப் போகும். நம்ம செமஸ்டர் பேப்பருக்கு டம்மி நம்பர் போடுற மாதிரியே! பாஸானாத்தான் ஆஸ்பத்திரிக்கு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது பாஸ்புக். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் இவ்வளவு ரூபாய்னு ஒதுக்கீடு. மாவட்ட குடோனில் மருந்து எடுக்க எடுக்க அதில் கழியும். சென்னையிலிருந்து தள்ளிவிட்டதை வாங்கி அடுக்க வேண்டாம். என்ன தேவைன்னு அங்க இருக்கிற டாக்டருக்குத்தானே தெரியும்? கேரளா 2007-லயும் ராஜஸ்தான் 2011-லயும் இதே மாதிரி கழகம் தொடங்கினாங்க.

சிக்கலும் இருக்கு. ஊருக்கே ஒரே குழாய்னா, அது அடைச்சா எல்லார் குடமும் காலி. ஒரு டெண்டர் இழுத்தாலே அந்த மருந்து மாநிலம் முழுக்கத் தட்டுப்படும். பிரஷர் மாத்திரையை நிறுத்தினா ஸ்ட்ரோக் வரைக்கும் போகலாம், ‘அடுத்த வாரம் வாங்க’ன்னு சொல்ல முடியாது. அதனாலதான் ஆஸ்பத்திரிகளே அவசரத்துக்கு உள்ளூர்ல வாங்கிக்க கொஞ்சம் பணத்தை ஒதுக்கி வெச்சிருக்காங்க.